தெருவில் இறக்கிவைத்த வீடு

ஆனி மாதத்துக் காலை ஒன்றில், எண்ணெய்க்காரத் தெருவின் நட்டநடுவில், ஒரு வீட்டின் சாமான்கள் முழுவதும் இறக்கிவைக்கப்பட்டன. பீரோவும் கட்டிலும், கிரைண்டரும் அரிசி டிரம்மும், தையல் மெஷினும் சாமி படங்களும், குடங்களும் முக்காலியும், துவைக்கப் போட்டிருந்த அழுக்குத் துணி முதற்கொண்டு எல்லாமும் வெயிலில் வந்து உட்கார்ந்தன. இறக்கிவைத்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, அந்தச் சாமான்களில் ஒன்றைக்கூட யாராலும் அசைக்க முடியவில்லை.

அவை சுடலைமணி வீட்டுச் சாமான்கள். சுடலைமணி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எண்ணெய்க்காரத் தெருமுக்கில் பஸ் நிற்காது என்பது ஊருக்கே தெரியும்; ஆனாலும் அந்தத் தெரு ஆள் யாராவது பையோடு மூச்சிரைக்க ஓடிவருவது கண்ணில் பட்டுவிட்டால், டிரைவர் முறைக்க முறைக்க விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிடுவான். அவன் பெண்டாட்டி செண்பகவல்லி ஜாக்கெட் தைப்பாள். தெருப் பெண்கள் யாரும் அவளிடம் அளவு கொடுப்பதில்லை, துணியை மட்டும் கொடுப்பார்கள். யார் பெருத்திருக்கிறாள், யார் கவலையில் இளைத்திருக்கிறாள், யார் இன்னும் வாய்விட்டுச் சொல்லாமல் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியும், தெரிந்ததை அவள் துணியில் வெட்டுவாளே தவிர வாயால் சொல்லமாட்டாள். மகள் பூரணி கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள், அதே பூரணியைக் கட்டிக்கொடுத்து, இப்போது தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். வாடகை ஒரு மாதமும் நின்றதில்லை.

வீட்டுக்காரர் வைரமணி அண்ணாச்சி. அந்தத் தெருவில் வரிசையாக நாலு வீடு அவருடையது. வருஷத் திருவிழாவான கோயில் கொடைக்கு அவர்தான் தலைவர். பிள்ளைக்குக் காலேஜில் இடம், பெரியாஸ்பத்திரியில் சிபாரிசு, ஸ்டேஷனில் ஒரு வார்த்தை என்று அவர் வாசலில் ஒருநாளாவது கைகட்டி நிற்காத ஆள் தெருவில் கிடையாது. செண்பகவல்லி இருந்த வீடு முக்கு வீடு. அதை இடித்துக் கண்ணாடி முகப்பு வைத்து செல்போன் கடை கட்ட வேண்டும் என்று அவர் மகன் ஆசைப்பட்டான். காலி பண்ணச் சொன்னபோது, "பிள்ளைப்பேறு முடியட்டும் அண்ணாச்சி, வேற வீடு பாத்துக்கிடுதோம்" என்று சுடலைமணி கெஞ்சினான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பூரணிக்கு வலி கண்டு, அப்பனும் ஆத்தாளும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, அவர் பக்கத்து வீட்டுக் கோமதியின் வாசலில் வந்து நின்றார்.

கோமதியும் அவருடைய குடித்தனக்காரிதான். செண்பகவல்லியை மதினி என்று கூப்பிட்டு, ஒரே சோப்பில் துவைத்து, ஒரு வீட்டுக் குழம்பை இரண்டு வீட்டில் ஊற்றிச் சாப்பிட்டு வாழ்ந்தவள்.

"கோமதி, செண்பகம் சாவிய உங்கிட்டதான குடுத்துட்டுப் போயிருக்கா?"

"ஆமா அண்ணாச்சி. சாமிக்கு விளக்குப் பொருத்தச் சொல்லிட்டுப் போனாங்க."

"குடு."

"அவங்க வந்துரட்டுமே அண்ணாச்சி. பிரசவத்துக்குல்லா போயிருக்காங்க."

"நீயும் என் வீட்டுலதான தாயி இருக்கே" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை, மறந்துபோன ஒரு நல்ல விஷயத்தை ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார்.

கோமதி சாவியைக் கொடுத்தாள்.

பிறகு அண்ணாச்சி தெருவைப் பார்த்துப் பொதுவாகக் குரல் கொடுத்தார். அவர்கள் காலி பண்ணிக்கொண்டு மகள் ஊருக்கே போகிறார்கள், சாமானை ஏற்ற லாரி வரப்போகிறது, ஆளுக்கு ஒரு கை கொடுங்கள் என்றார். ஆட்டோவில் ஏறும்போது பூரணி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தியதை முந்தின நாள்தான் தெருவே கேட்டிருந்தது. பிள்ளை பெறப் போகிறவர்கள் யாரும் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு போவதில்லை என்பது தெரியாத ஆளும் அங்கே இல்லை. இருந்தாலும், அண்ணாச்சி சொன்னதை நம்புவது நம்பாமல் இருப்பதைவிட லேசாக இருந்ததால், எல்லோரும் நம்பினார்கள். பலசரக்குக் கடைக்காரர் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார், பால்காரர் மறுமுனையைப் பிடித்தார். ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் நயினார் சார் மாவு டின்னைத் தூக்கினார். செண்பகவல்லி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பெண்கள் குடங்களையும் தட்டுமுட்டுகளையும் எடுத்துவந்து வைத்தார்கள். அண்ணாச்சி எதையும் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் விரல் கோமதியின் பக்கம் திரும்பியபோது, உள்ளே மிஞ்சியிருந்தது ஒரு துணி மூட்டை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்கவென்று பழைய வேட்டிகளைச் செண்பகவல்லி வெந்நீரில் அலசி அலசிப் பூமாதிரி ஆக்கிக் கட்டிவைத்திருந்த மூட்டை. கோமதி அதைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணாச்சி வீட்டில் புதுப் பூட்டுத் தொங்கவிட்டு, பழைய சாவியைக் கோமதியிடமே திருப்பிக் கொடுத்தார். லாரி எதுவும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு ஆட்டோ வந்தது. செண்பகவல்லி இறங்கினாள், பார்த்தாள், மறுபடியும் ஆட்டோவுக்குள் ஏறிவிடலாமா என்பதுபோல ஒரு காலைத் தூக்கி, பிறகு கீழே வைத்தாள். தன் வீட்டுக் கிழிந்த மெத்தையும், கரிபிடித்த இட்லிச் சட்டியின் அடிப்பாகமும், கொடியிலிருந்து அப்படியே அள்ளிப் போட்டிருந்த உள்பாவாடைகளும் ஊர்வெயிலில் கிடப்பதைக் கண்டதும், களவுபோன வீட்டைப் பார்த்தவளுக்கு வருகிற கோபம் அவளுக்கு வரவில்லை. பலர் முன்னால் சேலை அவிழ்ந்துபோனவளுக்கு வருகிற பதற்றம்தான் வந்தது. ஓடிப்போய் அந்தப் பாவாடைகளைத்தான் முதலில் சுருட்டப் பார்த்தாள். அவை தரையோடு இருந்தன. ஒரு நூல்கூடத் தரையைவிட்டு எழும்பவில்லை.

"யாரு செஞ்சா?" என்று சுடலைமணி தெருவைப் பார்த்துக் கேட்டான்.

தெருவில் எல்லோரும் இருந்தார்கள். அவரவர் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோமதி ஓடிவந்து சாவியைச் செண்பகவல்லி கையில் வைத்தாள். "நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன் மதினி. வந்து பாத்தா இப்படிக் கெடக்கு. பூட்ட ஒடைச்சிருப்பாங்க போல" என்றாள். செண்பகவல்லி சாவியைப் பார்த்தாள். அதற்குத் திறக்க ஒரு பூட்டு இனி இல்லை. இருந்தாலும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிள்ளை அழுதது. துணி மூட்டையை எடுக்கக் குனிந்த செண்பகவல்லி, ஒரு கையால் இழுத்தாள், இரண்டு கையால் இழுத்தாள், சுடலைமணியும் சேர்ந்து இழுத்தான். ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லாத அந்த மூட்டை, பூமிக்குள் வேர்விட்டதுபோல இருந்தது. பச்சை உடம்புக்காரி நிற்கிறாளே என்று பூரணியைக் கட்டிலில் படுக்கவைத்து, தூக்க முடியாத மூட்டையின் மேலேயே பிள்ளையைக் கிடத்தினார்கள். பிள்ளையைத் திரும்பத் தூக்க முடிந்தது. மூட்டையைத்தான் முடியவில்லை.

சாயங்காலம் பூரணியின் மாமியார் வந்து, நடுத்தெருவில் தன் மருமகள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சண்டை எதுவும் போடாமல், "எங்க வீட்டுக்குப் போவோம் தாயி" என்று மட்டும் சொல்லி வண்டி பிடித்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், தாய்வீட்டில் ஒருவேளைப் பத்தியச் சோறு சாப்பிடாமல் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். செண்பகவல்லி சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் உள்ளங்காலை மட்டும் ஒருமுறை தொட்டுக்கொண்டாள். வண்டி போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

சாமான்கள் அசையவில்லை என்பது நாலு நாள் அதிசயமாக இருந்தது. அண்ணாச்சியின் மகன் சுமை தூக்குகிறவர்களைக் கூட்டிவந்தான்; மார்க்கெட்டில் மூட்டைகளைப் பூப்போலத் தூக்குகிற ஆள்கள் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு மல்லுக்கட்டித் தோற்று, வெட்கப்பட்டுக்கொண்டு போனார்கள். ஜேசிபி வந்தது, அதன் கை பீரோவைப் பிடித்து இழுத்தபோது பின்சக்கரம்தான் தரையைவிட்டு எழுந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு, "இது சிவில் மேட்டரும்மா" என்று சொல்லிவிட்டு, போகிறபோது முக்காலியைக் காலால் நெம்பிப் பார்த்துக் கட்டைவிரலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தெரு அதற்குப் பழகிவிட்டது. ஆட்டோக்கள் வளைந்து போகக் கற்றுக்கொண்டன. நகராட்சியிலிருந்து வந்து சாமான்களைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டு, பீரோவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், "பீரோவத் தாண்டி, கிரைண்டருக்கு எதுத்தாப்புல" என்று சொல்வது சகஜமாயிற்று. தபால்காரர் சுடலைமணிக்கு வருவதைக் கட்டில்காலில் செருகிவிட்டுப் போனார். அரிசி டிரம்மின் நிழலில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் சாமான்களின் நடுவிலேயே இருந்தார்கள். நகர்த்த முடியாத தையல் மெஷினில் உட்கார்ந்து செண்பகவல்லி தைத்தாள். ஆனால் தெருப் பெண்கள் யாரும் துணி கொடுக்க வரவில்லை. அடுத்த தெருக்காரிகள்தான் வந்தார்கள். தெருமுக்கில் சுடலைமணியின் பஸ் வழக்கம்போல நின்றது. ஓடிவந்து ஏறுகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினார்கள், அல்லது முன்வாசல் வழியாக ஏறி டிரைவர் பக்கமே நின்றுகொண்டார்கள்.

கோமதி மட்டும் வந்தாள். காலையில் காப்பி, மத்தியானம் சோறு, பொழுதடையச் சூடாக ஏதாவது என்று தினமும் கொண்டுவந்தாள்; குளிக்கவும் கொள்ளவும் தன் வீட்டைத் திறந்துவிட்டாள்; சுடலைமணிக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்தாள். தெருவில் எல்லோரும், கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கோமதி காலிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விடுவாள். கட்டிலின் அந்தப் பக்கம், மூட்டை இருந்த பக்கம், அவள் ஒருநாளும் போகவில்லை.

அவள்தான் செண்பகவல்லியோடு கோர்ட்டுக்கும் போனாள். கோர்ட்டு வளாகத்தின் மூலையில் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுகிற சட்ட உதவி மையம் இருந்தது. அங்கே பத்மாசினி என்ற வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சாமான் அசையவில்லை என்பதைக் கேட்டபோது, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

"எழுத்துல வாடகை ஒப்பந்தம் இருக்கா?"

"இல்லம்மா. பேச்சுதான். கையிலதான் வாடகை குடுப்போம்." செண்பகவல்லி குற்றவாளிபோலச் சொன்னாள்.

"பரவாயில்ல. ரேஷன் கார்டு, கேஸ் கனெக்சன் இந்த முகவரியிலதான? நீங்க குடியிருந்தீங்கங்கிறதக் காட்ட அது உதவும். இப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. வீடு அவரோடதுதான், அத நாம இல்லன்னு சொல்லப்போறதில்ல. ஆனா குடியிருக்கிறவங்கள வெளிய அனுப்பணும்னா அவரு கோர்ட்டுக்குத்தான் வரணும். காரணம் சொல்லணும். உங்க பக்கத்தையும் கோர்ட்டு கேக்கணும். அதுக்கப்புறம் உத்தரவு கெடைச்சா, கோர்ட்டு அமீனாதான் அந்த உத்தரவோட வரணும். அவரா ஆளக் கூட்டிட்டு வந்து சாமானத் தூக்கி வெளிய வைக்க முடியாது. பூட்டுப் போட முடியாது. தண்ணியவோ கரண்டையோ நிறுத்த முடியாது. அப்படி வெளிய தள்ளுனா, ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு, வீடு யாருதுங்கிற பேச்சுக்கே போகாம, மொதல்ல எங்கள உள்ள விடுங்கன்னு நீங்க கேக்கலாம்."

"இதெல்லாம் எங்கள மாதிரி ஆளுகளுக்குமா?"

"வாடகைக்கு இருக்கிற எல்லாருக்கும்."

செண்பகவல்லி அழுதாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டில், அண்ணாச்சி போட்ட பிச்சையில் இருப்பதுபோல, சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் அவரிடம் கேட்டுக் கேட்டு, ஒடுங்கி ஒடுங்கி இருந்துவிட்டோமே என்று நினைத்து அழுதாள். பக்கத்து நாற்காலியில் டிபன் கேரியரை மடியில் வைத்திருந்த கோமதி அழவில்லை. "நீயும் என் வீட்டுலதான தாயி இருக்கே" என்று அண்ணாச்சி சொன்ன வார்த்தைக்குப் பின்னால் சும்மா காற்றுதான் இருந்திருக்கிறது, அந்தக் காற்றுக்குப் பயந்துதான் சாவியைக் கொடுத்தோம் என்பது அவளுக்கு அந்த நாற்காலியில் வைத்துத்தான் தெரிந்தது. டிபன் கேரியரின் பிடியை அவள் விடவே இல்லை.

கேஸ் நடந்தது. அவர்களே சாமானை வெளியே வைத்துக் காலிபண்ணிவிட்டார்கள், இப்போது நாடகம் ஆடுகிறார்கள் என்று அண்ணாச்சி தரப்பில் சொல்லப்பட்டது. கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் ஒருவர் வந்து, ஒவ்வொரு சாமானையும் இழுத்துப் பார்த்து, "அசையவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். சாட்சி வேண்டும், வெளியே தூக்கிவைத்ததைக் கண்ணால் பார்த்த ஒருத்தராவது வேண்டும் என்றாள் வக்கீலம்மா. செண்பகவல்லி வீடு வீடாகப் போனாள். "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே" என்றார்கள். "தூங்கிட்டேன்" என்றார்கள். எல்லோரும் ஒரே காலையில் ஊரில் இல்லாமலும் தூங்கிக்கொண்டும் இருந்திருந்தார்கள். கோமதியிடம் அவள் கேட்கவில்லை. ரேஷன் கடைக்குப் போயிருந்தவளிடம் என்ன கேட்பது?

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஊற்றினாற்போல மழை வந்தது. தார்ப்பாய் கிழிந்து தண்ணீர் சாமான்கள் மேல் கொட்டியது. செண்பகவல்லி அங்கும் இங்கும் ஓடினாள். குடையோடு அந்த வழியாக வந்த நயினார் சார், மாவு டின்னின் மூடி திறந்து கிடப்பதைப் பார்த்தார். மாவு நனைகிறதே என்ற ஒரே நினைப்பில், வேறு எதையும் யோசிக்காமல், குடையைக் கீழே போட்டுவிட்டு அந்த டின்னை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார்.

டின் பஞ்சுபோல வந்தது.

மழைக்கு ஒதுங்கி நின்ற தெரு முழுக்க அதைப் பார்த்தது. டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழை முகத்தில் வழிய, நயினார் சார் நின்றார். கீழே வைக்கவும் முடியவில்லை, கொண்டுபோகவும் இடமில்லை.

"சாரா?" என்றாள் செண்பகவல்லி. அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "அண்ணாச்சி சொன்னாருன்னு... ஒரு கைதானேன்னு..."

தூக்கிவைத்த கைக்குத்தான் சாமான் எழும்பும் என்பது அன்றைக்குத் தெருவுக்கு விளங்கியது. அன்றிலிருந்து யாரும் அந்தச் சாமான்களின் பக்கமே போகவில்லை. தவறிப்போய் ஒரு விரல் பட்டுவிடுமோ, பட்டால் நகர்ந்துவிடுமோ என்று, சுவரோடு ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அது விளையாட்டாகிவிட்டது. "அப்பா, நீ அந்தச் சேரத் தூக்கு பாப்போம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்; அப்பன்மார் இடுப்பு வலி என்றார்கள், வேலை இருக்கிறது என்றார்கள், கடைசியில் காரணமில்லாமல் பிள்ளைகளை அடித்தார்கள். பால்காரரின் மகள், ஏழு வயசு, அடி வாங்கிய கன்னத்தோடு, "அப்ப நீயும்தானா?" என்று கேட்டுவிட்டாள்.

நயினார் சார் கோர்ட்டுக்குப் போனார். கூண்டில் ஏறி, வாழ்க்கை முழுதும் பிள்ளைகளுக்கு நேர்கோடு போடச் சொல்லிக்கொடுத்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்று, "வெளியே தூக்கிவைத்தோம். நானும் தூக்கினேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுமா செஞ்சீங்க?" என்று அண்ணாச்சியின் வக்கீல் மடக்கப் பார்த்தார். "தெரிஞ்சுதான்" என்றார் சார்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. செண்பகவல்லியை அந்த வீட்டில் திரும்பக் குடியமர்த்த வேண்டும். வீட்டுக்காரருக்கு வீடு வேண்டுமானால் சட்டப்படி கேட்டுக்கொள்ளலாம். அமீனா வந்து அண்ணாச்சியின் பூட்டைத் திறக்கவைத்தார். வீடு திறந்தது, சாமான்கள் தெருவில் இருந்தன. அண்ணாச்சி, ஊர் பார்க்கிறதே என்று, "நானே எடுத்து வைக்கேன்" என்று போய் முக்காலியில் கைவைத்தார். அது வரவில்லை. குடத்தை இழுத்தார், கரண்டியை இழுத்தார். அவர் எதையும் தூக்கியிருக்கவில்லை. அதனால் எதையும் திரும்ப வைக்கவும் அவரால் முடியவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அவர் போனார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பால்காரர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்த்த கடையில் எடைபோட்டுக்கொண்டிருந்த பலசரக்குக் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, அந்த முனைய நீங்கதான் பிடிச்சீங்க" என்றார். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். குடத்தை வைத்தவள் குடத்தை எடுத்தாள், சாமி படத்தை வைத்தவன் சாமி படத்தை எடுத்தான், அழுக்குத் துணியை அள்ளிப் போட்டவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் யார் எதை எடுக்கிறார் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். செண்பகவல்லி வாசலில் நின்று, "இங்க வைங்க, அங்க வைங்க" என்று மட்டும் சொன்னாள். ஒருத்தரையும் நன்றி சொல்லி அனுப்பவில்லை, ஏசியும் அனுப்பவில்லை. சிலர் ஏசிவிட்டால் நல்லது என்பதுபோலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

பொழுது சாயும்போது தெரு காலியாயிற்று. மூட்டை மட்டும் இருந்தது.

கோமதி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சாப்பாடு கொண்டுபோவதும் நின்றுவிட்டது. செண்பகவல்லிக்குத்தான் இப்போது சொந்த அடுப்பு இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை மூட்டையை நனைத்தது, வெயில் காயவைத்தது. வண்டிகள் அதைச் சுற்றிப் போயின. தெருவுக்கு அதுவும் பழகியது. அது யாருடைய கைக்கு எழும்பும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வந்து தூக்காத ஒரே வீடு எது என்பதை எல்லோரும் எண்ணிப் பார்த்திருந்தார்கள். தங்கள் வெட்கத்தை இறக்கிவைத்துவிட்டவர்களுக்கு அடுத்தவர் வெட்கத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் அந்த ஜன்னலின் பக்கம் முகம் திருப்பாமல் நடந்தார்கள். இதற்கிடையில் அண்ணாச்சி ஒரு வக்கீலைப் பிடித்து, முறைப்படி வீட்டைக் கேட்டு கேஸ் போட்டார். சுடலைமணியும் முறைப்படி பதில் போட்டான். அது முடிகிறவரை வீடு அவர்கள் கையில்.

தை பிறந்து பூரணி பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தானாக உட்காரப் பழகி, ஆள் அடையாளம் தெரிந்து சிரிக்கிற வயசு. ஆட்டோவிலிருந்து இறங்கி அம்மாவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறபோது, நடுத்தெருவில் கிடந்த மூட்டையைப் பார்த்து, "இது இன்னும் இங்கயா கெடக்கு?" என்று கேட்டாள். செண்பகவல்லி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் கோமதிக்கு அந்தக் கேள்வி கேட்டது.

மறுநாள் உச்சிவெயிலில், கொடைக்கு வரி பிரிக்கிற கூட்டம் தெருவில் நின்றிருந்த நேரத்தில், கோமதி வெளியே வந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கலாம். அவள் அப்படி வரவில்லை. நேராக நடந்துபோய்க் குனிந்து மூட்டையை எடுத்தாள். ஒரு கையாலேயே எடுத்தாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதை இடுப்பில் பிள்ளைமாதிரி வைத்துக்கொண்டு, செண்பகவல்லி வீட்டுக்குள் போய், அடுப்படியில் அவள் பக்கத்தில் இறக்கிவைத்தாள்.

செண்பகவல்லி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"சாவியக் குடுத்ததும் நான்தான் மதினி."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ அத எங் கையில வச்சியே, அப்பவே. எம் மூஞ்சியப் பாக்காம வச்சே."

கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்ச பெறகும் ஏன் மதினி நான் கொண்டாந்த சோத்தச் சாப்பிட்டீங்க? அத்தன நாளும்? எம் மூஞ்சில விட்டெறிஞ்சிருக்கலாம்லா?"

பால் பொங்கி வந்தது. செண்பகவல்லி அடுப்பைத் தணித்தாள்.

"பசிச்சுது கோமதி" என்றாள். "மக பச்ச உடம்போட போறா, சாமான் தெருவுல கெடக்கு, செஞ்சவ கையாலயே சோறு வருது. எனக்குப் பசிச்சுது. தின்னேன். உனக்கு மட்டுந்தான் வெக்கம்னு நெனைச்சியா?"

உள்ளறையிலிருந்து பூரணி, "யாரும்மா வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தாள்.

"பக்கத்து வீட்டுலேருந்து" என்றாள் செண்பகவல்லி.

இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றி, ஒன்றைக் கோமதியின் பக்கம் நகர்த்தினாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோமதி டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, நின்றபடியே, நாக்குச் சுட்டாலும் ஊதாமல் குடித்தாள். செண்பகவல்லியின் இடுப்பிலிருந்த குழந்தை, இதற்குமுன் பார்த்திராத அந்த முகத்தை, அவள் குடித்து முடிக்கிறவரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.